கலப்புதான் அசல்: எம்1 கராண்டும் சர்ப்ளஸ் பாகங்களும்

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள், ஒரு துப்பாக்கியை மட்டம் தட்ட வேண்டுமென்றால் 'மிக்ஸ்மாஸ்டர்' என்பார்கள். மற்ற பாகங்கள் பூட்டப்படும் நடு உடலான ரிசீவர் ஒரு ஆலையில் செய்தது, குழல் இன்னோர் ஆலையில், போல்ட் பத்து வருடம் கழித்து மூன்றாவது ஆலையில், மரக்கட்டை எந்த ஊரோ யார் கண்டது. இப்படி நாலா பக்கத்திலிருந்தும் வந்த சர்ப்ளஸ் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய துப்பாக்கிக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது 'கரெக்ட்' துப்பாக்கி. எல்லாப் பாகமும் ஒரே ஆலை, ஒரே காலம். 1943-ல் ஆலை வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே. விலையும் மரியாதையும் இதற்குத்தான் கூடுதல். அதனால் சர்ப்ளஸ் பாகங்களைத் தேடித் தேடித் துப்பாக்கி கட்டுகிறவர்களில் பலர், கலப்பை நீக்கி அதைக் 'கரெக்ட்' நிலைக்குக் கொண்டுபோவதையே லட்சியமாக வைத்திருக்கிறார்கள். எம்1 கராண்டைப் பொறுத்தவரை இந்த லட்சியம் தலைகீழானது என்பது என் கட்சி. அந்தத் துப்பாக்கிக்குக் கலப்புதான் இயல்பு. அதைக் கலைத்து ஒரே ஆலைப் பாகங்களால் நிரப்புகிறவர், வரலாற்றை மீட்பதாக நினைத்துக்கொண்டு கையில் இருக்கும் வரலாற்றை அழிக்கிறார். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். ஜான் கராண்ட் கனடாவின் கியூபெக்கில் 1888-ல் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலையில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுக்கத் தேவையில்லாமல், சுட்டதில் எழும் வாயுவின் அழுத்தத்திலேயே அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும் அவருடைய ரைஃபிளை அமெரிக்க ராணுவம் 1936-ல் ஏற்றுக்கொண்டது. எட்டுத் தோட்டா கொண்ட கிளிப், நாலு கிலோவுக்கு மேல் எடை. காப்புரிமையை அவர் அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ராயல்டி என்று ஒரு காசு வாங்கவில்லை. அவருக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது, அதுவும் நிறைவேறவில்லை. அவர் துப்பாக்கியோ 50 லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிரிங்ஃபீல்டும் கனெக்டிகட்டிலிருந்த வின்செஸ்டர் கம்பெனியும் செய்தன. கொரியப் போர்க் காலத்தில் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் கம்பெனியும், டிராக்டர் செய்துகொண்டிருந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்துகொண்டன. இத்தாலியில் பெரெட்டாவும் பிரெடாவும் செய்தன. இத்தனை ஆலைகளுக்கும் வரைபடம் ஒன்றுதான். என் வாதத்துக்கு ஆணிவேரான ஒரு விஷயம் இங்கே இருக்கிறது: அமெரிக்கக் கராண்டில் வரிசை எண் ரிசீவரில் மட்டும்தான் இருக்கும். போல்ட், ட்ரிக்கர் கூடு, ஆபரேட்டிங் ராடு போன்ற மற்ற முக்கியப் பாகங்களில் இருப்பது வரைபட எண், அதன் எத்தனையாவது திருத்தம் என்ற எண், செய்த ஆலையின் எழுத்து. 'நான் இன்ன துப்பாக்கியின் போல்ட்' என்று எந்தப் போல்ட்டும் சொல்லாது. 'நான் இன்ன வரைபடப்படி, இன்ன ஆலையில் செய்த போல்ட்' என்றுதான் சொல்லும். பாகத்துக்கும் துப்பாக்கிக்கும் நிரந்தரத் தாலி கட்டும் எண்ணமே அந்த ஆலைக்கு இருக்கவில்லை.

இருக்கவும் முடியாது, அந்த ஆலையின் பெருமையே அதற்கு எதிரான கொள்கையில் கட்டியது. 1785-ல் பாரிசில் தாமஸ் ஜெஃபர்சன், ஒனோரே பிளாங்க் என்ற கைவினைஞரைப் போய்ப் பார்த்தார். பிளாங்க் துப்பாக்கியின் சுடுவிசைப் பொறிகளைப் பிரித்து, பாகங்களைக் குவியலாக வைத்திருந்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தானே பூட்டிப் பார்த்தார்; கச்சிதமாகப் பொருந்தின. அதை வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கனவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1801-ல் எலி விட்னி வாஷிங்டனில் இதே மாதிரி ஒரு செய்முறை காட்டிப் பேர் வாங்கினார். அவர் காலத்தில் செய்த துப்பாக்கிகளைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், பாகங்கள் அப்படியொன்றும் மாற்றிப் போடும்படி இல்லை என்று கண்டார்கள். விளம்பரத்தில் விட்னி கெட்டிக்காரர். சொன்னதைச் செய்து காட்டியவர் ஜான் ஹால். வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் அவர் செய்த துப்பாக்கிகளில் நூறை 1820-களில் ஓர் ஆய்வுக்குழு பிரித்து, பாகங்களைக் கலந்துவிட்டு, திரும்பப் பூட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டது. 1834 வாக்கில் கனெக்டிகட்டிலிருந்த சிமியன் நார்த் தன் ஆலையில் செய்த அதே மாதிரித் துப்பாக்கியின் பாகங்கள், நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஹாலின் துப்பாக்கியில் பொருந்தின. இரண்டு ஆலை, ஒரே துப்பாக்கி. பிற்காலச் சேகரிப்பாளர் முகம் சுளிக்கும் கலப்பு, அன்றைக்குப் பொறியியலின் உச்சம். 1854-ல் பிரிட்டிஷ் குழு ஒன்று அதே ஸ்பிரிங்ஃபீல்டு ஆலைக்கு வந்தது. 1844 முதல் 1853 வரை வருடத்துக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளைப் பொறுக்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பெட்டிகளில் கலந்து போட்டார்கள். ஒரு தொழிலாளி வெறும் திருப்புளியை வைத்துக்கொண்டு பத்தையும் திரும்பப் பூட்டிவிட்டார். அசந்துபோன பிரிட்டன் அமெரிக்க இயந்திரங்களை வாங்கிக்கொண்டு போய்த்தான் என்ஃபீல்டு ஆலையைப் புதுப்பித்தது. பத்து வருடப் பாகங்கள் கலந்த துப்பாக்கியை அந்தக் குழுவில் ஒருவரும் 'மிக்ஸ்மாஸ்டர்' என்று பழிக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் அவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து வந்திருந்தார்கள்.

இது கொள்கை. நடைமுறையில் கராண்டுக்கு என்ன நடந்தது என்பது இதைவிட வலுவான சாட்சி. போர்க்காலத்து .30 தோட்டாக்களின் பிரைமரில் இருந்த ரசாயனம், சுட்ட பிறகு குழலில் உப்பாகத் தங்கி ஈரத்தை இழுக்கும். வெந்நீர் விட்டுக் கழுவாமல் விட்டால் துருதான். பசிஃபிக் தீவுகளின் புழுக்கத்தில் எத்தனை சிப்பாய்கள் ஒழுங்காகக் கழுவியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். குழல் போனால் வேறு குழல். கட்டை பிளந்தால் வேறு கட்டை. போர் முடிந்து குவியல் குவியலாகத் திரும்பி வந்த துப்பாக்கிகளை ராணுவத்தின் ஆர்சனல்கள் பிரித்து, சோதித்து, தேறிய பாகங்களைத் தொட்டிகளில் போட்டு, மேற்பூச்சைப் புதுப்பித்து, திரும்பப் பூட்டின. ஒரு துப்பாக்கியிலிருந்து கழன்ற போல்ட் அதே துப்பாக்கிக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சீட்டு எழுதிக் கட்டவில்லை. அளவுமானி ஒப்புக்கொண்டால் போதும். ராக் ஐலண்ட், ராரிடன், ஆக்டன், ஆகஸ்டா என்று வேலை நடந்த ஆர்சனல்களின் முத்திரைகள் கட்டைகளில் இன்றும் தெரிகின்றன. கொரியப் போர் வந்தபோது திரும்ப ஒரு சுற்று. போர்க்காலத்து ரிசீவரில் ஐம்பதுகளின் குழல் உட்கார்ந்திருப்பது இப்படித்தான். குழலில் மாதமும் வருடமும் பொறித்திருப்பதால் இது ஊகம் இல்லை, கண்ணால் படிக்கக்கூடிய சங்கதி.

பழுது பார்த்ததோடு ராணுவம் நிற்கவில்லை, திருத்தவும் செய்தது. முதலில் வந்த ஏறக்குறைய 50,000 கராண்டுகள், குழலின் வாயருகே வாயுவைப் பிடிக்கும் 'கேஸ் டிராப்' அமைப்பு கொண்டவை. அது சரிப்படவில்லை என்று 1940-ல் உற்பத்தியையே மாற்றினார்கள். முந்தியவற்றையும் கையில் சிக்கச் சிக்கப் புது அமைப்புக்கு மாற்றிவிட்டார்கள். பழைய அமைப்போடு இன்று தப்பியிருப்பவை மிக அரிது. அதனாலேயே போலிகள் ஏராளம். பின்பக்கக் குறிக்காட்டியும் அப்படித்தான். போர்க்காலத்தில் அதை இறுக்கி வைக்க ஒரு பூட்டுப்பட்டை இருந்தது. போருக்குப் பின் வந்த மேம்பட்ட அமைப்பு, ஆர்சனலுக்குள் நுழைந்த துப்பாக்கிகளிலெல்லாம் ஏறியது. இவற்றைவிட முக்கியமானது ஆபரேட்டிங் ராடு. வாயு தள்ளும் விசையைப் போல்ட்டுக்குக் கொண்டுபோகும் நீளமான கம்பி அது. அதன் கைப்பிடி சேரும் இடத்தில் இருந்த செங்கோண மூலையில் விரிசல் விடுவது தெரியவந்தது. தீர்வாக அந்த மூலையை வளைவாகக் குடைந்தார்கள். ஆர்சனலுக்கு வந்த ராடுகளுக்கெல்லாம் இந்தச் சிகிச்சை நடந்தது. தப்பியவை கொஞ்சம்.

இப்போது 'கரெக்ட்' கட்டுகிறவரின் மேசைக்கு வருவோம். 1943-ஆம் வருடத்து ரிசீவர் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதற்குப் பொருத்தமான, குடையப்படாத ராடு வேண்டும்; பூட்டுப்பட்டைக் குறிக்காட்டி வேண்டும்; அந்த மாதத்துக்கு உரிய திருத்த எண் உள்ள போல்ட் வேண்டும்; ஆலையின் தலைமை அதிகாரியாக இருந்த ஏர்ல் மெக்ஃபார்லண்டின் 'ஈ.எம்சி.எஃப்' எழுத்துகள் பதித்த கட்டை வேண்டும். எல்லாவற்றையும் சர்ப்ளஸ் சந்தையில் பெரிய விலை கொடுத்து வாங்கிப் பூட்டுகிறார். கடைசியில் கையில் என்ன இருக்கிறது? விரிசல் விடும் என்று ராணுவமே கைவிட்ட ராடோடு ஒரு துப்பாக்கி. சுடுவதற்கு அவரே தயங்குவார். அந்த ராடு அந்த ரிசீவரோடு ஒருநாளும் இருந்ததில்லை. அந்தக் கட்டையை வேறு யாரோ சுமந்தார்கள். பாகங்கள் அசல், சேர்க்கை அவருடைய கற்பனை. 'மிக்ஸ்மாஸ்டர்' என்று ஏளனம் செய்யப்படும் துப்பாக்கி எந்த அளவுக்குக் கலப்போ, அதே அளவுக்கு இதுவும் கலப்புதான். ஒரே வித்தியாசம், முதலாவது தன் கலப்பை மறைக்கவில்லை. இரண்டாவது மறைப்பதற்கென்றே கட்டப்பட்டது. கட்டை முத்திரைகளைப் புதிதாக அடித்துக் கொடுக்கும் அச்சுகள்கூட விற்பனைக்கு உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்தால், மறைப்பு எங்கே முடிந்து மோசடி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பதே கஷ்டம்.

இதற்குச் சேகரிப்பாளர் சொல்லும் பதில் ஒன்றும் அற்பமானது இல்லை. ஆலையை விட்டு வந்த நாளில் ஒரு கராண்ட் எப்படி இருந்தது என்று அடுத்த தலைமுறைக்குக் காட்ட வேண்டாமா என்பார். காட்ட வேண்டும்தான். அதற்குக் கலையாமல் தப்பிய துப்பாக்கிகள் சில இருக்கின்றன. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலை 1968-ல் மூடப்பட்ட பிறகு தேசிய வரலாற்றுத் தலமாகி, அங்கே ஆலையின் சொந்தச் சேகரிப்பு காட்சிக்கு இருக்கிறது. வரைபடங்களும் புகைப்படங்களும் இருக்கின்றன. இவற்றை வைத்துத்தான் 'இன்ன மாதத்துக்கு இன்ன பாகம்' என்ற பட்டியலே எழுதப்பட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்துக் கட்டிய துப்பாக்கி, பட்டியலில் இல்லாத ஒன்றையும் நமக்குப் புதிதாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஆர்சனலில் கலந்து பூட்டிய துப்பாக்கியைப் பிரித்தால், எந்த ஆர்சனலில், எந்தக் காலத்தில், எந்தெந்தப் பாகம் மாற்றினார்கள் என்ற தகவல் அதில் இருக்கிறது. எந்தக் காகிதத்திலும் எழுதாமல் போன தகவல் அது. தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் காலத்து நிலைக்குக் கொண்டுபோகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் பாண்டியர் காலத்து அம்மன் சந்நிதியையும், நாயக்கர் காலத்து நந்தி மண்டபத்தையும் சுப்பிரமணியர் கோயிலையும் இடிக்க வேண்டியிருக்கும். அவரை யாரும் பாதுகாவலர் என்று சொல்ல மாட்டோம்.

'அப்படியானால் எண் பொருந்திய துப்பாக்கிக்கு உலகம் முழுக்க மதிப்பு இருப்பது சும்மாவா?' என்று ஒரு கேள்வி வரும். சும்மா இல்லை, ஆனால் அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். நம் ஊர் என்.சி.சி. மாணவர்களுக்கும் காவல்துறையினருக்கும் நன்றாகப் பரிச்சயமான .303 லீ என்ஃபீல்டில் போல்ட்டிலும் ரிசீவரிலும் ஒரே எண் இருக்கும். போல்ட்டை அந்தந்த ரிசீவரோடு பொருத்திப் பார்த்து அனுப்புவது அங்கே முறை. அதனால் அந்த எண் பொருந்துவதற்கு உண்மையான பொறியியல் அர்த்தம் உண்டு. வேறொரு துப்பாக்கியின் போல்ட்டை அதில் செருகினால் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம். ரஷ்ய மோசின் நகாந்தில் கதை வேறு. போருக்குப் பின் சோவியத் ஆர்சனல்கள் லட்சக்கணக்கான மோசின்களைப் பிரித்துக் கலந்து பூட்டின. பூட்டி முடித்த பிறகு, போல்ட்டில் இருந்த பழைய எண்ணை அழித்தோ அடித்தோ விட்டு ரிசீவரின் எண்ணைப் புதிதாகப் பொறித்தார்கள். ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய மௌசர்களுக்கும் மின்பேனாவால் அப்படியே எண் எழுதினார்கள். இன்றைக்கு ஒருவர் 'எல்லா எண்ணும் பொருந்துகிறது' என்று ஒரு சோவியத் மோசினை வாங்கினால், அவர் வாங்குவது ஆர்சனல் எழுத்தரின் கைவேலையைத்தான். ஏமாற்றும் நோக்கம் அந்த எழுத்தருக்கு இல்லை; அவருக்கு இருப்புப் புத்தகம் சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். ஃபின்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த நாடு ஒரு மோசின் ரிசீவரைக்கூடச் சொந்தமாகச் செய்ததில்லை. ஜார் காலத்து ரஷ்ய ரிசீவர்களில் தன் ஆலைகளின் குழலைப் பொருத்தித்தான் எம்39 என்ற அருமையான ரைஃபிளைக் கட்டியது. 1890-களின் ரிசீவரில் 1940-களின் குழல் இருப்பது அங்கே சர்வசாதாரணம். எம்39-ஐக் 'கரெக்ட்' ஆக்கு என்றால் என்ன செய்வது? அதன் முழு வாழ்க்கையும் கலப்பில்தான் தொடங்குகிறது.

கராண்டும் இப்படி ஊர் ஊராகப் போனதுதான். போருக்குப் பின் அமெரிக்க உதவியாக டென்மார்க், கிரீஸ், துருக்கி, தென்கொரியா, பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டு ராணுவங்களுக்கு அது போயிற்று. ஒவ்வொரு நாடும் தன் கையிருப்பிலிருந்து பாகம் மாற்றியது. டென்மார்க்கிலிருந்து திரும்பி வந்தவற்றில் டேனிஷ் ஆர்சனல் செய்த குழல்களும், டேனிஷ் ராணுவத் தளவாடத் துறையின் எழுத்துகள் பொறித்த பாகங்களும், பெரெட்டாவின் 'பி.பி' முத்திரை உள்ளவையும் கலந்து கிடக்கின்றன. இவற்றில் பலவற்றை அமெரிக்கக் குடிமக்களுக்கு விற்பது சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு. குடிமக்களுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி கொடுக்க 1903-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வாரிசு அது. 1996 முதல் தனி அமைப்பு. அவர்கள் விற்பனைப் பட்டியலில் 'கரெக்ட்' என்றும் ஒரு தரம் உண்டு, வரைபட எண்ணைப் பற்றி அலட்டிக்கொள்ளாத 'சர்வீஸ்', 'ஃபீல்டு', 'ராக்' என்ற தரங்களும் உண்டு. பழைய ரிசீவரில் புதுக் குழலும் புது வால்நட் கட்டையும் போட்டு அவர்களே கட்டி விற்பதும் உண்டு. கடைசியாகச் சொன்ன வகைதான் எனக்குப் பிடித்தது. இன்றைக்குக் கட்டியது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது.

என் வாதத்திலேயே ஓர் ஓட்டை இருப்பதாக யாராவது மடக்கலாம். கலப்புதான் அசல் என்றால், போன வாரம் ஒருவர் தன் கேரேஜில் ஐந்து கடைகளில் வாங்கிய பாகங்களைப் பூட்டிக் கட்டிய துப்பாக்கியும் 1950-ல் ராரிடனில் பூட்டியதும் ஒன்றுதானா? இயந்திரமாகப் பார்த்தால் ஒன்றுதான். வரைபடம் அதைத்தான் அனுமதிக்கிறது. ஆவணமாகப் பார்த்தால் ஒன்றில்லை. ராரிடன் கலப்பில் ராணுவத்தின் முடிவு பதிந்திருக்கிறது. கேரேஜ் கலப்பில் அந்த வாரத்து விலைப்பட்டியல் பதிந்திருக்கிறது. ஆகவே 'எல்லாக் கலப்பும் சமம்' என்று நான் சொல்லவில்லை. வெறும் ரிசீவராக, குழலும் கட்டையும் இல்லாமல் சந்தைக்கு வந்த ஒன்றைச் சில்லறைப் பாகங்களால் முழுமையாக்குகிறவர் எதையும் அழிக்கவில்லை. ஏற்கெனவே கலைந்துபோனதை உருப்படியாக்குகிறார், அவர் செயலை நான் பாராட்டுவேன். தப்பு நடப்பது வேறு இடத்தில். ஆர்சனலில் கட்டிய முழுத் துப்பாக்கியை வாங்கி, அதன் 'பொருந்தாத' பாகங்களைக் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு 'பொருந்தும்' பாகங்களை ஏற்றுவது ஒன்று. முழுத் துப்பாக்கியைவிடப் பாகங்களின் மொத்த விலை அதிகம் வருகிறது என்று அதை உரித்து விற்பது இன்னொன்று. இரண்டாவதற்குத் தீனி போடுவதே முதலாவதின் தேவைதான். 'கரெக்ட்' பாகத்துக்கு விலை ஏற ஏற, முழுசாக நிற்கும் துப்பாக்கிகளை உரிக்கும் ஆசையும் ஏறும்.

பாதுகாப்பு பற்றி எழும் ஆட்சேபத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பாகங்கள் மாற்றிப் போடத்தக்கவை என்பது, தேயாத, வரைபட அளவுக்குள் இருக்கும் பாகங்களுக்குத்தான் பொருந்தும். ஆர்சனல் பூட்டியபோது ஒவ்வொரு துப்பாக்கியும் அளவுமானிச் சோதனையைத் தாண்டித்தான் வெளியே போனது. அந்தச் சோதனை இல்லாத கலப்பு வெறும் இரும்புச் சேர்க்கை. இதைவிடப் பயங்கரமானது ஒட்டு ரிசீவர். ராணுவம் கழித்துக் கட்டி, இரண்டாக வெட்டிக் கழிவு இரும்பாக விற்ற ரிசீவர்களின் பாதிகளை வாங்கி, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெல்டிங் வைத்து முழுசாக்கி விற்றார்கள். முன்பாதி ஒரு துப்பாக்கியுடையது, பின்பாதி இன்னொன்றுடையது. வெல்டிங் சூட்டில் எஃகின் பதம் என்ன ஆகியிருக்கும் என்பது வைத்தவருக்கே தெரியாது. கலப்பை ஆதரிக்கும் நான் இதை ஆதரிக்க மாட்டேன். கராண்டின் பாகங்கள் இடம் மாறுவதற்கென்று செய்யப்பட்டவை; ரிசீவர் பாதியாவதற்கென்று செய்யப்பட்டது இல்லை. பாகம் சேர்த்துக் கட்டிய எந்தத் துப்பாக்கியையும் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் அளந்து பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் சுடக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

கொலைக் கருவி ஒன்றுக்கு இத்தனை பக்கம் எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கராண்ட் யாருடைய கையில் இருந்தாலும் ஆளைக் கொல்லச் செய்ததுதான். அதை மெழுகி வைக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் ஒரே மாதிரியான பாகங்களை எங்கேயும் செய்யலாம், எதிலும் பொருத்தலாம் என்ற எண்ணம் தையல் இயந்திரத்துக்கும் சைக்கிளுக்கும் காருக்கும் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் இந்தத் துப்பாக்கி ஆலைகளின் வழியாகத்தான். அந்த எண்ணம் எப்படி வேலை செய்தது என்பதற்கு, கலந்து பூட்டிய கராண்டைவிடத் தெளிவான சாட்சிப் பொருள் குறைவு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள் இதைப் பொழுதுபோக்காக நினைத்துப் பார்க்கக்கூட இடமில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ரிசீவர்தான் துப்பாக்கி, மற்றவை பெரும்பாலும் வெறும் உதிரிகள். நம்முடைய 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்திலோ, ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் ஒரு போல்ட்டைக் கையில் வைத்திருந்தாலே வழக்கு வரும்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். முறைப்படி வாங்கிய கராண்ட் ஒன்று உங்கள் கைக்கு வந்து, அதில் எதுவும் எதனோடும் பொருந்தவில்லை என்று தெரிந்தால், உடனே பாகம் தேடிப் புறப்படாதீர்கள். முதலில் ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் ஆலை எழுத்தையும் குழலின் தேதியையும் கட்டையில் உள்ள முத்திரைகளையும் எழுதி, படம் எடுத்து, அந்தத் தாளைத் துப்பாக்கியோடு வையுங்கள். ஏதாவது பாகம் தேய்ந்துபோய் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். எதை, எப்போது மாற்றினீர்கள் என்று அதே தாளில் குறியுங்கள். கழற்றியதையும் தூக்கிப் போடாமல் பையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள். நாளைக்கு விற்கும்போது அந்தத் தாளையும் பையையும் சேர்த்தே கொடுங்கள்.